இட்லி மூடி வரைக்கும் இறங்கும் பெட்டி

பஸ்ஸில் வாங்கிய டிக்கெட்டைப் பாய் சட்டைப் பையில் வைத்து நான் பார்த்ததே இல்லை. ஏறி உட்கார்ந்ததும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வார். எந்த ஜன்னல் கடகடக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை யார் என்ன பேசினாலும் அவர் காதில் ஏறாது. கண்டுபிடித்துவிட்டால் எழுந்துபோய், அந்த ஜன்னலோரம் இருப்பவரைக் கொஞ்சம் நகரச் சொல்லி, டிக்கெட்டை நாலாக மடித்துக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகிவிட்டு வருவார். அதற்கப்புறம்தான் நம்மைத் திரும்பிப் பார்த்து, "ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று கேட்பார்.

ஒருமுறை சேலத்திலிருந்து ஏறி வரும்போது நடுவழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். பாயிடம் டிக்கெட் கேட்டார். பாய் மூன்று சீட் முன்னால் கையைக் காட்டினார்.

"அந்த ஜன்னல்ல இருக்குதுங்க. உருவுனா மறுபடியும் ஆடும். அங்கயே பாத்துக்கறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. இன்ஸ்பெக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. விறுவிறுவென்று போய் டிக்கெட்டை உருவினார். உடனே ஜன்னல் கடகடவென்று ஆரம்பித்தது. அதுவரை அந்தச் சத்தத்தை யாரும் கவனிக்கவில்லை. இப்போது எல்லோருக்கும் கேட்டது. அவர் டிக்கெட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பழையபடி மடித்து அதே இடுக்கில் செருகிவிட்டு இறங்கிப்போனார். பாய் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஏற்காடு டவுனிலிருந்து கிளியூருக்கு இறங்கும் சரிவில் வரிசையாகச் சில வீடுகள். ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் பெண்ணும். அடுத்ததில் பாயும் அவர் மனைவியும். எங்கள் சமையலறையின் பின்சுவர்தான் அவருடைய தகரக் கொட்டகைக்குப் பக்கச்சுவர். ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் நான் கடுகு தாளித்தால் அந்தப் பக்கம் அவர் தும்முவார். எனக்குக் கிளியூர் அங்கன்வாடியில் டீச்சர் வேலை. அவருக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குஷன் கடை. ஜீப், வேன்களுக்கு சீட் தைத்துக் கொடுப்பார். அது சோற்றுக்கு. அவர் உயிரை வைத்திருந்தது கொட்டகையில் செய்த பெட்டிகளில்.

பெட்டி என்றால் வண்டியில் பாட்டுக் கேட்க வைக்கும், தாழ்ந்த சத்தத்தை அதிர அதிரத் தரும் பேஸ் பெட்டி. சேலத்தில் செய்பவர்கள் செய்கிற பெட்டி வண்டியின் பின்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அப்புறம் டூரிஸ்ட்காரர்கள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வரவேண்டியதுதான். பாய் செய்தது வேறு. ஹார்ன் பெட்டி என்பார். டிரைவர் அமுக்குகிற ஹார்ன் இல்லை, நாதஸ்வரத்துக்கு இருப்பது போன்ற குழல். ஒரு முனையில் சின்ன ஸ்பீக்கர். அதிலிருந்து சத்தம் ஒடுக்கமான வழியில் புறப்பட்டு, போகப்போக அகன்று, கடைசியில் பெரிய வாய் வழியாக வெளியே வரும். அந்தக் குழலை நீட்டி வைத்தால் வேனை விட்டு வெளியே வந்துவிடும். அதனால் உள்ளுக்குள்ளேயே பலகை பலகையாக அடைத்து, வழியை மடித்து மடித்துக் கடைசி சீட்டுக்கு அடியில் ஒளித்துவிடுவார். அதன் மேல் சீட்டின் ரெக்சினையே போர்த்தித் தைத்துவிட்டால், பெட்டி அங்கே இருப்பது டிரைவருக்கே மறந்துபோகும்.

"இத்தனூண்டு ஸ்பீக்கர் எப்படிங்க பாய் அத்தனை சத்தம் போடுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சேலத்துல இருந்து ரோட்ட நேரா மலைமேல போட்டா எந்த வண்டி ஏறும் தங்கச்சி? மடிச்சு மடிச்சுப் போட்டதுனாலதான சின்ன வண்டிகூட ஏறுது? இதுவும் அப்படித்தான். வழி நீளமா இருந்தா, தள்ளுறவன் பெரிய ஆளா இருக்கோணும்னு இல்ல."

பலகை வெட்டுவதற்கு முன்னால் ஆப்பிள் பெட்டி அட்டையில் முழுப் பெட்டியையும் செய்து பார்ப்பார். பிறகுதான் பிளைவுட். மலைப் பனியில் ஊறாமல் இருக்க, மூடிய பிறகு யார் கண்ணிலும் படாத உள்வழிக்கும் வார்னிஷ் அடிப்பார். ஒட்டி முடித்ததும் ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு மூட்டாகச் சுற்றிக் காட்டுவார். காற்று எங்கே கசிகிறதோ அங்கே புகை நடுங்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், "பாய் பெட்டிக்குப் பூசை போட்டுட்டாரு, தேங்காய் யாருக்கு?" என்று கேட்பார். பாயும் சிரிப்பார். ஆனால் கண் புகையை விட்டு அசையாது.

இத்தனை செய்தவர் பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. "உங்களுக்கு எந்தப் பாட்டுங்க பாய் பிடிக்கும்?" என்று கேட்டதற்கு, "நான் எங்க பாட்டக் கேக்கறேன், பெட்டியத்தான கேக்கறேன்" என்றார். அவர் போட்டுப் பார்ப்பது போனில் வரும் ஒற்றைச் சத்தம். பம்ம்ம் என்று மேலே தொடங்கி மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகும். கீழே போகப்போகக் காதுக்குக் கேட்பது குறைந்து, பாத்திரங்களுக்குக் கேட்பது அதிகமாகும்.

ஆமாம், என் பாத்திரங்களுக்கு. அதற்காகத்தான் முதன்முதலில் நான் அவரோடு சண்டைக்குப் போனேன். குடிவந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஸ்டாண்டில் இருந்த டம்ளர்கள் தாமாகக் கிணுகிணுத்தன. கொஞ்ச நேரத்தில் டம்ளர்கள் அடங்கித் தூக்குப்போசி தடதடத்தது. பேயோ பூகம்பமோ என்று பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். கொட்டகையில் ஒரு மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மொதல்ல ஆடுனது டம்ளருங்களா, போசிங்களா?"

"என்ன?"

"எது மொதல்ல ஆடுச்சு?"

"டம்ளர்."

"அப்புறம் போசி?"

"ஆமா."

"அதுக்கப்புறம் ஒண்ணும் ஆடலயா? இட்லிப் பானை மூடி?"

"அது பாட்டுக்கு இருந்துச்சு."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப இன்னும் எறங்கல" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார். நான் சண்டை போட வந்தவள் என்பதை இரண்டு பேருமே மறந்துபோனோம்.

அன்றிலிருந்து என் சமையலறைதான் அவருடைய அளவுகோல். கனமான, அகலமான பாத்திரம் ஆடவேண்டுமானால் சத்தம் அவ்வளவு கீழே இறங்கவேண்டுமாம். சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "தங்கச்சி, இப்ப எது?" நான் வெங்காயம் அரிந்தபடியே, "போசிங்க பாய்" என்பேன். "இப்ப?" "போசிதானுங்க. மூடி லேசா ஒரு தடவ முனகுச்சு." அந்தப் பக்கம் அவர் மறுபடி பெட்டியைப் பிரிக்கும் சத்தம் கேட்கும். இந்தக் கதை எப்படியோ ஜீப் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. மாரமங்கலத்து ஜீப்காரர்கள் கடைக்கு வந்து, "ஏனுங்க பாய், நமக்கு இட்லி மூடி வரைக்கும் எறங்கற பெட்டியாப் போட்டுருங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் இட்லிப் பானைக்கு மலையெல்லாம் பேர்.

ஆனால் பெட்டி சத்தம் போட்டால் மட்டும் பாய்க்குப் போதாது. பெட்டியைத் தவிர வேறு எதுவும் சத்தம் போடக்கூடாது. பேஸ் அதிர்ந்தால் வண்டியில் தளர்ந்து கிடப்பதெல்லாம் சேர்ந்து ஆடும். நம்பர் பிளேட், கதவுப் பலகை, சாமி படம், டிரைவர் மறந்துவிட்ட சில்லறை. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து முறுக்குவார், இல்லாவிட்டால் துணி வைத்து அடைப்பார். கடைசிக் கடகடப்பும் அடங்காமல் வண்டியை விடமாட்டார். இது அவர் வைத்த சட்டம். கெஞ்சினாலும் கத்தினாலும் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். டிக்கெட்டுக்கு இடமில்லாத பையில் சாவிக்கு மட்டும் இடம் இருக்கும்.

அவர் மகளைப் பெண் கேட்டுச் சேலத்துக்காரர்கள் வந்துபோன பிறகு, இவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்களாம். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாய் எழுந்து உள்ளே போய்விட்டார். எல்லோரும் திகைத்துப்போய்ப் பார்த்தால், அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் யாருடையதோ பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை மடித்துச் செருகிக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி இதை என்னிடம் தலையில் அடித்துக்கொண்டே சொன்னார். "எனக்கு உசுரே போயிருச்சு புள்ள. மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சு வந்துச்சு. ஃப்ரிட்ஜ் மேல கைய வச்சுப் பாத்துச்சு. இத்தன வருசமா இது என் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சுன்னு சொல்லி, எங்கிட்ட வந்து உக்காந்து கையப் புடிச்சுக்கிச்சு. அப்பவே சம்பந்தம் முடிஞ்சுபோச்சு."

எங்களோடு அவருக்கு ஆன சம்பந்தம் அவ்வளவு சுலபமாக ஆகவில்லை.

என் வீட்டுக்காரர் முன்னால் லைன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். வடக்கே போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வருவார், அழுக்குத் துணியைப் போடுவார், தூங்குவார், போவார். எனக்கு அந்த வாழ்க்கை வெறுத்துவிட்டது. இருந்ததையெல்லாம் புரட்டி ஒரு பழைய டூரிஸ்ட் வேன் வாங்கினோம். இங்கேயே ஓட்டிக்கொண்டு, சாயங்காலமானால் வீட்டுக்கு வருகிற மனுஷனாக இருக்கட்டும் என்பதுதான் என் கணக்கு. ஆனால் வேனுக்கு வேலை வேண்டுமே. மேலே ஒரு லாட்ஜ் மேனேஜர் வழி சொன்னார். "வர்ற ஞாயித்துக்கெழமை காலேஜ் பசங்க வர்றாங்க. நல்ல பேஸ் பெட்டி வச்சு வண்டியக் கொண்டாங்க. ஓட்டம் நல்லா இருந்தா சீசன் பூரா எங்க ட்ரிப்பெல்லாம் உங்களுக்குத்தான்." அது கிடைக்காவிட்டால் லாரிதான். லாரி ஓனர் ஏற்கெனவே இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

வேன் பாயின் கொட்டகைக்குள் போனது. பெட்டி அழகாக அமைந்தது. ஒரு சீட்கூடக் குறையவில்லை. இட்லி மூடி வரைக்கும் இறங்கியது, அன்று நானே சாட்சி. அதற்கு மறுநாளிலிருந்து பாய் கடகடப்பு வேட்டையில் இறங்கினார். நம்பர் பிளேட் அடங்கியது. கதவுகள் அடங்கின. ஒன்று மட்டும் அடங்கவில்லை. இடது பக்கம், பின்னால், எங்கேயோ ஒரு மெல்லிய ஜிர்ர்ர்.

அந்த வாரம் நான் காலையில் கிளியூர் போனால் வேலை முடிந்து வர இருட்டிவிடும். திரும்பிவந்து விளக்குப் போடும் நேரத்துக்கெல்லாம் பாய் நிறுத்தியிருப்பார். இருட்டிய பிறகு அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்பது அவர் வழக்கம். அதனால் அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை. என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். இடது கதவின் பலகையைக் கழற்றினாராம். சீட்டைக் கழற்றினாராம். மேல்கூரைத் துணியை உரித்தாராம். சனிக்கிழமை சாயங்காலம் நான் எட்டிப் பார்த்தபோது எங்கள் வேன் தோலுரித்த ஆடு மாதிரி நின்றது.

"பாய், அந்தச் சத்தம் யாருக்குங்க கேக்கப் போகுது? நாளைக்கு ஓட்டிட்டு வந்து பாத்துக்கலாமுங்க" என்றார் என் வீட்டுக்காரர். வாய்விட்டு ஒரு கடுமையான சொல் சொல்லத் தெரியாத மனுஷன்.

"எனக்குக் கேக்குதே மாப்ள. ஆடுறது என்னன்னு தெரியாம மலை ரோட்டுல எப்படி உடறது? காலைல முடிச்சுர்றேன்."

"எங்க ஊட்டுப் பாத்திரமா இருக்குமுங்களா பாய்?" என்று நான் கேட்டேன். நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது, கேட்டுத்தான் வைத்தேன்.

பாய்க்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "உங்க ஊட்டுல ஒவ்வொண்ணோட கொரலும் எனக்குத் தெரியும் தங்கச்சி. டம்ளரு, போசி, மூடி, அண்டா, எல்லாம். இது அதுல ஒண்ணும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அவர் முடிக்கவில்லை. லாட்ஜிலிருந்து போன் வந்தது. என் வீட்டுக்காரர் ஏதோ சொல்லி நேரம் கேட்டார். மறுபடி போன் வந்தது. காலேஜ் பையன்கள் வேறு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் பாயிடம் போய் ட்ரிப் போய்விட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகும் சுவருக்கு அந்தப் பக்கம் பம்ம்ம் நிற்கவில்லை. இவர் உள்ளே வந்து பரணிலிருந்து லாரிப் பையை இறக்கினார். தூசி தட்டினார். கைலியை மடித்து அதில் வைத்தார்.

எனக்குக் கோபம் வந்தால் சமைக்கத்தான் தெரியும். உலை கொதித்த இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை; சோறு வெந்திருந்தது. சுவர் ஆணியில் மாட்டியிருந்த வடிதட்டை எடுத்துப் பானைமேல் போட்டுக் கஞ்சியை வடிக்கச் சாய்த்தேன்.

"நின்னுருச்சு!" சுவருக்கு அந்தப் பக்கம் பாய் கத்தினார். "மாப்ள! ஓடியாங்க! நின்னுருச்சு! அந்தக் கடைசி ஸ்குரூதான்!"

நான் பல்லைக் கடித்தபடி கஞ்சியை வடித்து முடித்தேன். தட்டைக் கழுவி ஆணியில் மாட்டினேன். ஜிர்ர்ர் என்றது.

"அட, மறுபடியும் வந்துருச்சே" என்றார் பாய் அந்தப் பக்கம்.

நான் தட்டின் மேல் விரலை வைத்தேன். நின்றது. எடுத்தேன். ஜிர்ர்ர். அந்தப் பக்கம் பாய் "நின்னுருச்சு" என்பதும் "வந்துருச்சு" என்பதும் என் விரல் சொன்னபடி நடந்தது. போன வாரம் எங்கள் அம்மா வாழவந்தியிலிருந்து வந்தபோது வாங்கிவந்த புது அலுமினிய வடிதட்டு. பழையது நசுங்கிவிட்டது என்று நான்தான் கேட்டிருந்தேன். ஆணி அடித்த இடத்துக்கு நேர் அந்தப் பக்கம்தான் வேனின் இடது பக்கம், பின்னால்.

தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் அதை அந்த மனுஷன் தலையில் போடத்தான் போனேன். ஆனால் அவர் வேனுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். கண்கள் சிவந்திருந்தன. எங்களைவிட அவர்தான் அதிகம் தவித்திருக்கிறார் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தட்டை நீட்டினேன்.

"இதுங்க பாய்."

வாங்கி நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எப்ப வந்துச்சு தங்கச்சி?"

"போன வாரமுங்க. அம்மா வாங்கியாந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வடிதட்டு வாங்குனாக்கூட உங்ககிட்டச் சொல்லோணுமுங்களா பாய்?"

கத்தத்தான் நினைத்தேன். பாதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். பாய் சிரிக்கவில்லை. எழுந்து முகம் கழுவினார், சட்டையைப் போட்டார், தொப்பியை எடுத்து வைத்தார். வடிதட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி நடக்க ஆரம்பித்தார். "பாய், எங்கீங்க? வேண்டாமுங்க" என்று என் வீட்டுக்காரர் பின்னால் ஓடினார். அங்கே நடந்தது எனக்கு இவர் சொன்னதுதான்.

லாட்ஜ் மேனேஜர் பாயையும் தட்டையும் பார்த்துவிட்டு, "இன்னிக்கு அன்னதானம் இல்லீங்களே" என்றாராம். பாய் தட்டை மேஜைமேல் வைத்தார். "டிரைவர் மேல தப்பில்லீங்க. வண்டி மேலயும் தப்பில்ல. இது ஆடுச்சு. வண்டிதான் ஆடுதுன்னு நெனச்சு நான் வண்டிய வெளிய உடல. எம்மேல இருக்கற கோவத்துல அவருக்கு ஓட்டம் இல்லாம பண்ணிராதீங்க." இத்தனை நீளமாக பாய் யாரிடமும் பேசி இவர் கேட்டதில்லையாம்.

மேனேஜர் சிரித்து ஓய்ந்து, வேலையை வேறு வேன்காரருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் பாய் நகரவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "ஏனுங்க, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு மேல ஒரு சத்தம் வருதே" என்றவர், மேஜையிலிருந்த லாட்ஜ் கார்டு ஒன்றை எடுத்து மடித்து, நாற்காலியில் ஏறிச் செருகினார். அங்கே சோபாவில் ஒரு வயதான அம்மா கண் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடியோடு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர். சாயங்காலம் சேலத்தில் அவர்களுக்கு ரயில். ஏறி வந்த வண்டியின் தடதடப்பில் தலைவலி, இறங்கவே பயமாக இருக்கிறது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர். சத்தம் நின்றதும் நிமிர்ந்தார்.

"அப்பாடா. யாருங்க அது?" என்றார்.

"எங்க வண்டில போங்கம்மா" என்றார் பாய். "தூங்கிட்டே போலாம்."

மேனேஜர் தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்றார். மத்தியானத்துக்குள் வேனுக்கு மறுபடி தோல் போர்த்தினோம். கதவுப் பலகையை பாய் மாட்ட, சீட்டை நானும் இவரும் பிடித்தோம். அந்த அம்மா கீழே போய்ச் சேர்ந்ததும் மேனேஜருக்குப் போன் பண்ணி, "வண்டி ஓடுச்சான்னே தெரியல" என்றாராம். அவர்களைப் போன்ற பெரியவர்கள் அந்த லாட்ஜுக்கு நிறையப் பேர் வருவார்கள். அவர்களுடைய ஓட்டம் எல்லாம் எங்களுக்கு வந்தது. லாரிப் பை பரணுக்குப் போனது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பெரியவர்கள் யாரும் பாட்டுப் போடச் சொல்வதில்லை. அத்தனை பாடுபட்டுச் செய்த பெட்டி சீட்டுக்கு அடியில் சும்மா கிடந்தது. "உங்களுக்கு வருத்தமா இல்லீங்களா பாய்?" என்று கேட்டேன்.

"நல்ல பெட்டி அணைச்சு வச்சாலும் நல்ல பெட்டிதான தங்கச்சி" என்றார்.

அந்த வாரமே பசையும் கம்பளித் துணியும் எடுத்துக்கொண்டு என் சமையலறைக்கு வந்தார். வேண்டாம் என்றால் கேட்டால்தானே. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அடியில் துணி வெட்டி ஒட்டினார். வடிதட்டின் விளிம்புக்கு முழு வளையமே ஒட்டினார். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. "இனிமே எத வச்சுங்க அளப்பீங்க?" என்றேன். பசைக் குச்சியோடு அப்படியே நின்றார். அந்த யோசனையே அவருக்கு அதுவரை வரவில்லை. கடைசியில் இட்லி மூடியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

போன மழைக்கு அவர் மனைவிக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது. மலைக்குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேலத்தில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார்கள். சாமான் ஏற்றுகிற அன்று பாய் என் சமையலறைக்குள் வந்தார், கையில் பசை டப்பா. இட்லி மூடியை எடுத்துத் துடைத்து, சுற்றிலும் துணி ஒட்டினார். "இனி யாரும் அளக்கப் போறதில்ல" என்றார். எங்கள் வேனில் மனைவியைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டு, "வரட்டுங்களா தங்கச்சி" என்றார். வண்டி சத்தமில்லாமல் இறங்கிப்போனது.

சமையலறை சத்தமில்லாமல் கிடந்ததை ஒரு வாரத்துக்கு மேல் என்னால் தாங்கமுடியவில்லை. ஒருநாள் கரண்டிக் காம்பால் இட்லி மூடியின் துணியை உரித்து எடுத்தேன். அன்று சாயங்காலம் சவாரி இறக்கிவிட்டு வந்த இவர், கீழ்வளைவில் திரும்பும்போது வண்டியில் பாட்டுப் போட்டிருக்கிறார். ஆள் இல்லாத வண்டியில்தான் போடுவார். பாட்டு எனக்குக் கேட்கவில்லை. மூடிதான் பானைமேல் தடதடத்தது. நான் எழுந்து டீக்குத் தண்ணீர் வைத்தேன். அதிலிருந்து தினமும் அப்படித்தான்.

பாய் அவ்வப்போது போன் பண்ணுவார். மகள் வீடு பஸ் போகிற ரோட்டில். "ஊரே கடகடங்குது தங்கச்சி, எத்தனைய அடைக்கறது?" என்பார். நேற்றும் சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தோம். மனைவிக்கு மூச்சு இப்போது பரவாயில்லை, பேரன் நடக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். அந்தப் பக்கம் தலை சாய்வது எனக்குத் தெரிந்தது.

"அது இட்லி மூடிதான?"

"ஆமாங்க பாய்."

"நான் ஒட்டிட்டு வந்தேனே."

"உரிச்சுட்டேனுங்க."

இன்னொரு துணி வெட்டி அனுப்புகிறேன் என்பார் என்று காத்திருந்தேன்.

"மாப்ள வளைவுல திரும்பிட்டாரு" என்றார் பாய். "போன வைங்க, டீயப் போடுங்க."